அறுத்துப் பார்த்தால் மட்டும் தெரிந்த நோய்

2020 அக்டோபர் 10 அன்று பெங்களூரு ஆக்ஸ்போர்டு மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவத் துறைத் தலைவர் தினேஷ் ராவ், கொரோனாவால் இறந்த முதியவர் ஒருவரின் உடலை, குடும்பத்தாரின் ஒப்புதலுடன் பிரேதப் பரிசோதனை செய்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீடித்த அந்தப் பரிசோதனையில் அவர் கண்ட நுரையீரல், நுரையீரலின் தன்மையை இழந்திருந்தது. பஞ்சுபோல் இருக்க வேண்டிய உறுப்பு தோல்பந்தைப் போல இறுகிக் கிடந்ததாக அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். காற்றறைகள் சிதைந்திருந்தன, இரத்தக் குழாய்களுக்குள் குருதி உறைந்து கட்டியாகியிருந்தது. நாடெங்கும் நாளேடுகள் தோல்பந்து உவமையைத் தலைப்பாக்கின. குருதிக்கட்டியைப் பற்றிய செய்தி இரண்டாம் பத்தியிலோ மூன்றாம் பத்தியிலோ அடங்கிப்போயிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில்தான், கொரோனா மரணங்களின் சட்டமுறைப் பரிசோதனைகளில் உடலை அறுக்கும் முறையைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டியிருந்தது. பிணவறைப் பணியாளருக்குத் தொற்று பரவிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஜெர்மனியிலும் தொடக்கத்தில் அத்தகைய அறிவுரையே தரப்பட்டது. ஆனால் ஹாம்பர்க் நகரத்தார் அதற்கு மாறாக உடல்களைத் திறந்து பார்த்தனர். அவர்கள் முதலில் வெளியிட்ட 12 பேரின் ஆய்வில் 7 பேருக்குக் கால் நாளங்களில் குருதியுறைவு இருந்தது. உயிரோடு இருந்தவரை அந்த ஏழு பேரிலும் எந்த மருத்துவரும் அதை ஐயுறவில்லை. நால்வர் இறந்ததற்கு நேர்க்காரணமே காலிலிருந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்த கட்டிதான். நெதர்லாந்தின் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சையில் இருந்த 184 கொரோனா நோயாளிகளைக் கவனித்தவர்கள், உறைவைத் தடுக்கும் மருந்து முறைப்படி கொடுக்கப்பட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உறைவுச் சிக்கல் தோன்றியதை அறிவித்தனர். அவற்றுள் பெரும்பான்மை நுரையீரல் தமனி அடைப்பு. பெங்களூருவில் அக்டோபரில் கண்டது புதிய உண்மை அன்று. ஆனால் இந்திய உடலில், இந்தியக் கையால் திறந்து கண்ட உண்மை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு நெடிய வரலாறு இருக்கிறது.

நுரையீரலைக் கொல்லும் கட்டி பெரும்பாலும் நுரையீரலில் பிறப்பதில்லை என்று முதலில் நிறுவியவர் ருடால்ஃப் விர்ச்சோ. 1840-களில் பெர்லினின் சாரித்தே மருத்துவமனையில் பிணவறைப் பணியில் இருந்த இளைஞர் அவர். நுரையீரல் தமனியில் கிடக்கும் கட்டி அங்கேயே அழற்சியால் உண்டானது என்பதே அக்காலத்துப் பெரியவர்களின் முடிவு. விர்ச்சோ அந்தக் கட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிலவற்றின் முனை முறிந்த கிளையைப் போல இருந்தது. அதே உடலின் தொடை நாளத்தில் அதற்குப் பொருந்தும் மற்றொரு முறிமுனை கிடைத்தது. பின்பு நாய்களின் கழுத்து நாளத்தில் இரப்பர்த் துண்டுகளையும் குருதிக்கட்டித் துண்டுகளையும் செலுத்தி, அவை நுரையீரலில் போய்த் தங்குவதைக் காட்டினார். காலில் உருவாகி, இடுப்பு வழியாக ஏறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரலில் சிக்கும் பயணம் அவ்வாறு தெளிவாயிற்று. இன்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ‘விர்ச்சோவின் மூன்று காரணங்கள்’ என்ற பட்டியலை அவர் அந்த வடிவில் எழுதவே இல்லை. பிற்காலத்தார் அவர் பெயரில் ஏற்றியது அது. எனினும் பட்டியல் பொருத்தமானது: குருதி ஓட்டம் தேங்குவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, குருதியே உறையும் போக்கை மிகுதியாகப் பெறுவது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டிலில் கிடப்பவருக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்க்கின்றன. அசைவில்லை; கழுத்திலும் தொடையிலும் குழாய் செருகப்பட்டிருக்கிறது; உடலெங்கும் தொற்றின் அழற்சி.

நோய் தெரிந்தபின் நெடுங்காலம் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மார்பைத் திறந்து தமனியிலிருந்து கட்டியை எடுத்துவிடலாம் என்று 1908-இல் டிரெண்டலென்பர்க் வழி சொன்னார். அவர் கையில் ஒரு நோயாளியும் முழுமையாகப் பிழைக்கவில்லை. அவருடைய மாணவர் கிர்ஷ்னர் 1924-இல் முதல் வெற்றி கண்டார். ஆனால் அந்த அறுவையைச் செய்யத் துணிய நோயாளி சாவின் விளிம்புக்கு வர வேண்டும். அதுவரை கத்தியோடு காத்திருக்க வேண்டும். அப்படி ஓர் இரவு முழுவதும் காத்திருந்தவர் பாஸ்டன் நகரத்து இளம் மருத்துவர் ஜான் கிப்பன். பித்தப்பை அறுவைக்குப் பின் நுரையீரல் அடைப்பு நேர்ந்த பெண்ணொருத்தியின் நாடியையும் மூச்சையும் அவர் விடிய விடியக் குறித்துக்கொண்டிருந்தார். காலையில் அறுவை நடந்தது, அவள் பிழைக்கவில்லை. இதயத்துக்குத் திரும்பும் கருத்த குருதியைச் சற்று நேரம் வெளியே எடுத்து, உயிர்க்காற்று ஊட்டி, மீண்டும் உடலுக்குள் அனுப்ப ஒரு கருவி இருந்தால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில் தோன்றியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த எண்ணமே 1953-இல் இதய-நுரையீரல் இயந்திரமாகி முதல் வெற்றி பெற்றது. இன்று பெங்களூருவின் நாராயண ஹிருதயாலயா போன்ற மருத்துவமனைகளில் அன்றாடம் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து தைக்கத் துணைநிற்கும் கருவியின் தாய்வேர், நுரையீரலில் சிக்கிய ஒரு கட்டி. இதய அறுவையின் வரலாற்றில் இது சொல்லப்படுகிறது. குருதியுறைவின் வரலாற்றில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

அறுவையைவிட மருந்தே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1916-இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், குருதியை உறைய வைக்கும் பொருளைத் தேடியபோது, உறைவதைத் தடுக்கும் பொருளை நாயின் கல்லீரலில் தற்செயலாகக் கண்டார். கல்லீரலின் கிரேக்கப் பெயரையொட்டி அது ஹெப்பரின் ஆயிற்று. தூய்மைப்படுத்தி மனிதருக்குக் கொடுக்க 1930-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (இப்பொழுது பெரும்பாலும் பன்றிக்குடலிலிருந்து எடுக்கப்படுகிறது, ஊசி போட்டுக்கொள்வோரில் அதை அறிந்தவர் குறைவு.) நுரையீரல் அடைப்புக்கு அது உண்மையில் பயன் தருமா என்பதை 1960-இல் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டான் ஆகிய இருவர் சோதித்தனர். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அடைப்பால் இறந்தனர். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் அவ்வாறு இறக்கவில்லை. முப்பத்தைந்து பேர் மட்டுமே கொண்ட சோதனை! ஆயினும் அதன்பின் மருந்தைத் தராமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

நோய் வந்தபின் மருந்து கொடுப்பது ஒன்று. வருமுன் தடுப்பது வேறொன்று. இவ்விடத்தில்தான் இந்தியாவில் மருத்துவம் பயின்று லண்டனுக்குச் சென்ற விஜய் கக்கர் வருகிறார். கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த அவர், கதிரியக்க அயோடின் ஏற்றிய ஃபைப்ரினோஜனை நோயாளிகளின் உடலில் செலுத்தி, கால்களை நாள்தோறும் கருவியால் அளந்தார். கட்டி உருவானால் அந்தப் பொருள் அங்கே சேரும், கருவி காட்டிக்கொடுக்கும். 1969-இல் வெளியான அவருடைய ஆய்வில் அறுவை செய்துகொண்ட 132 பேரில் 40 பேருக்குக் காலில் கட்டி உண்டாகியிருந்தது. அவர்களுள் பலருக்கு வீக்கமோ வலியோ இல்லை. பலரிடம் அது தானாகவே கரைந்தும் போயிற்று. நால்வருக்கு நுரையீரல் வரை சென்றது. எவருக்குக் கரையும், எவருக்கு ஏறும் என்று கட்டிலருகே நின்று சொல்ல முடியாது என்பதே அந்த ஆய்வின் கனமான செய்தி.

அடுத்து அவர் தலைமையில் பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை 1975-இல் வெளியாயிற்று. 4121 நோயாளிகள், பாதிப்பேருக்கு அறுவைக்கு முன்பிருந்தே சிறிய அளவில் ஹெப்பரின், மற்றவர்களுக்கு இல்லை. மருந்து பெறாதவர்களில் 16 பேர் பெரிய நுரையீரல் அடைப்பால் இறந்தனர். பெற்றவர்களில் 2 பேர். இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர் பலர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர் பிரேதப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர்; அதனால்தான் 16 என்றும் 2 என்றும் சொல்ல முடிந்தது. அறுத்துப் பார்த்திராவிட்டால் அந்தப் பதினாறு பேர் மாரடைப்பென்றோ நிமோனியா என்றோ பதிவாகியிருப்பார்கள். சோதனை தோற்றதாகவே கருதப்பட்டிருக்கவும் கூடும்.

இந்தியாவுக்கு வருவோம். ஆசியருக்கு இந்த நோய் வருவதில்லை, வந்தாலும் அரிது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பாடநூல்களிலும் மருத்துவர் பேச்சிலும் உறைந்திருந்தது. வெப்பநாடு, மரக்கறி உணவு, தரையில் அமரும் பழக்கம் எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட ஒரு மரபணுப் பிறழ்வு ஐரோப்பியரிடம் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருப்பதும் ஆசியரிடம் அரிதாக இருப்பதும் தெரியவந்தபோது, பழைய நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரையும் கிடைத்தது. அந்தப் பிறழ்வின் வேறுபாடு மெய்யானதே. ஆனால் அதிலிருந்து ‘நம்மவர்க்கு வராது’ என்று முடிவு கட்டியதுதான் பிழை. காரணங்கள் பல கொண்ட நோயில் ஒரு காரணம் இல்லாமற்போனால் நோயே இல்லாமற்போகாது.

இந்த நம்பிக்கை பரவியிருந்த காலத்திலேயே தென்னிந்தியாவின் நரம்பியல் பிரிவுகளில் அதற்கு நேரெதிரான காட்சி நிறைந்திருந்தது. பிள்ளை பெற்ற சில நாள்களில் கடுந்தலைவலி, வலிப்பு, மயக்கத்தோடு கொண்டுவரப்படும் இளம்பெண்களின் மூளை நாளங்களில் குருதி உறைந்திருந்தது. மதுரையில் கே. சீனிவாசன் இத்தகைய பேறுகால உறைவு கண்ட 135 பெண்களைப் பற்றி 1983-இல் எழுதினார். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் டி. நாகராஜாவும் உடன்பணியாற்றியோரும் இதே நோயை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். பேறுகாலப் பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வீட்டு வழக்கமும் காரணங்களுள் ஒன்றாக ஐயுறப்பட்டது. 1995-இல் நிம்ஹான்ஸ் குழு 57 பெண்களிடம் ஹெப்பரினைச் சோதித்து வெளியிட்டது. உலகில் இந்த நோய்க்கென நடந்த மிகச் சில சோதனைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அப்பெண்களின் நோய், இரத்தக்குழாய்ப் படத்தால் உறுதிசெய்யப்படாமல் சி.டி. ஸ்கேனைக் கொண்டு முடிவுசெய்யப்பட்டது என்பதால், பின்னாளில் உலகச் சான்றுகளைத் தொகுத்தவர்கள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. விதிப்படி அது சரி. எனினும் விலை உயர்ந்த பரிசோதனை எட்டாத நாட்டில் நோய் எண்ணிக்கையில் குறைந்தும், சான்று தரத்தில் குறைந்தும் தோன்றுவது தற்செயலன்று.

மூளைக்குள் உறையும் குருதி காலில் மட்டும் ஏன் உறையாது என்ற எளிய கேள்வி துறைச்சுவர்களைத் தாண்டவில்லை. நரம்பியல் மருத்துவர் கண்டதை எலும்பு அறுவை மருத்துவர் படிப்பதில்லை.

சுவர் மெல்ல இடிந்தது 2000-களில். 2005-இல் ஆசியாவின் 19 மையங்களில் இடுப்பு, மூட்டு அறுவை செய்துகொண்ட, தடுப்பு மருந்து பெறாத 407 பேருக்குக் கால் நாளங்களில் சாயம் செலுத்திப் படமெடுத்துப் பார்த்தபோது, படம் தெளிவாக அமைந்தவர்களில் 41 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆசிய ஆய்வு 2420 பேரைப் படமெடுக்காமல் அறிகுறி வருகிறதா என்று மட்டும் கவனித்தது. நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டியது கணக்கு. இரு ஆய்வுகளின் நோயாளிகளும் முற்றிலும் ஒத்தவர்கள் அல்லர். ஆகவே இரு எண்களையும் நேராகத் தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் தேடினால் எத்தனை, காத்திருந்தால் எத்தனை என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான இணை கிடைப்பது கடினம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் தம் பத்தாண்டுப் பதிவேடுகளைப் புரட்டி 2009-இல் எழுதியபோது, ஆழ்நாள உறைவு கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் அறுவையோ விபத்தோ இல்லாத, மருந்துச் சிகிச்சைக்காகச் சேர்ந்த நோயாளிகள் என்பது தெரிந்தது. காரணங்களுள் புற்றுநோய் முன்னின்றது. சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் பிரேதப் பரிசோதனையை இன்றும் கல்வியின் பகுதியாகப் பேணிவரும் சில இந்திய நிறுவனங்களுள் ஒன்று. அங்கே மருத்துவப் பிரிவுகளில் இறந்த 1000 பேரின் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் 159 பேருக்கு நுரையீரல் அடைப்பு இருந்ததாகக் கூறப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக்கூட எட்டாதவர்கள். முதியோர் நோய் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்த எண் அதிர்ச்சியளித்திருக்க வேண்டும்; அளித்ததா என்பது வேறு கேள்வி. ஏனெனில் சற்றே பின்னர், பத்து இந்திய மருத்துவமனைகளில் 2058 நோயாளிகளை ஒரே வேளையில் கணக்கெடுத்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் உறைவு வாய்ப்புடையவர்களாக இருந்தும் அவர்களில் 17.4 விழுக்காட்டினரே வழிகாட்டு நெறிகளின்படி தடுப்புச் சிகிச்சை பெற்றிருந்தனர்.

பொது வார்டில் இருப்பவராவது “மூச்சு முட்டுகிறது, மார்பு வலிக்கிறது” என்று சொல்ல முடியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் உறக்க மருந்தின் மயக்கத்தில், தொண்டையில் குழாயோடு கிடக்கிறார், முறையிட வாயில்லை. அவருடைய உயிர்க்காற்று அளவு திடீரெனக் குறைந்தால் சளி அடைத்திருக்கலாம், நிமோனியா முற்றியிருக்கலாம், நுரையீரல் நீர்கோத்திருக்கலாம், இதயம் தளர்ந்திருக்கலாம். குருதிக்கட்டி அந்தப் பட்டியலின் கடைசியில் நிற்கிறது. வெளிநோயாளிகளிடம் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய உதவும் டி-டைமர் பரிசோதனை, இங்கே ஏறத்தாழ எல்லோரிடமும் உயர்ந்திருப்பதால் பொருளற்றுப்போகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். அதற்கு வென்டிலேட்டரோடும் மருந்து சொட்டும் கருவிகளோடும் நோயாளியைக் கட்டிலோடு நகர்த்தி வேறு தளத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாயம் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலிவிக்கக்கூடும். இறங்கும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே, லிஃப்டில் ஏற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் பல வேளைகளில் இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர். கட்டிலருகே செய்யும் எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருப்பது தெரிந்தால் ஐயம் வலுக்கும். தெரியாவிட்டால் ஐயம் தீர்ந்துவிடாது. உறைவு எதிர்ப்பு மருந்தை ஐயத்தின் பேரிலேயே முழு அளவில் கொடுத்துவிடலாமே என்றால், மூளையில் இரத்தக் கசிவுள்ளவருக்கும் நேற்று வயிற்று அறுவை செய்துகொண்டவருக்கும் அதுவே யமனாகும். கொரோனாக் காலத்தில் இந்தத் துணிவும் சோதிக்கப்பட்டது. 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வுகளில், பொது வார்டில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பரின் உதவியது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு உதவவில்லை.

மருந்து கொடுக்க முடியாதபோது கால்களைக் காற்றுப்பைகளால் விட்டுவிட்டு அமுக்கும் கருவி பயன்படுகிறது. மருந்தோடு அதையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்று சவூதி அரேபியா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2003 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2019-இல் விடை வந்தது: இல்லை. எதிர்மறை விடைதான். ஆயினும் இந்திய நோயாளிகளின் கால்களை வாரம் இருமுறை அல்ட்ராசவுண்டால் தேடிப்பார்த்த ஆய்வு அது என்பதை மறக்கலாகாது.

கக்கர் லண்டனில் நிறுவிய குருதியுறைவு ஆய்வு நிறுவனத்தின் இந்தியக் கிளை பெங்களூருவில், நாராயண ஹிருதயாலயா வளாகத்தில் அமைந்தது. நாளத்து உறைவால் பெயர் பெற்றவரின் நிறுவனம் இங்கே பெரிதும் ஆராய்ந்தது தமனி நோயை. இந்தியக் குடும்பங்களில் இளவயதிலேயே மாரடைப்பு வருவதன் மரபுக் காரணங்களை. நாட்டின் தேவை அதுவாக இருந்தது என்று சொல்வது எளிது, பொய்யும் அன்று. மாரடைப்பு தன்னை அறிவித்துக்கொண்டு வருகிறது, எண்ணப்படுகிறது, நிதி பெறுகிறது. எண்ணப்படாத நோய்க்கு நிதி கேட்பவர் எதைக் காட்டிக் கேட்பார்?

எண்ணுவதற்கு மிகத் துல்லியமான வழி பழைய வழிதான். இந்தியாவில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்ற சொல்லோடு போலீசும் வழக்கும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நோயை அறிவதற்காக மருத்துவமனையே குடும்பத்தாரிடம் கேட்டு நடத்தும் பரிசோதனை வேறு என்பதை விளக்குவதற்கு, துயரத்தில் இருப்பவர் முன் எவருக்கும் நா எழுவதில்லை. உடலைச் சிதைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்ற கவலைகள் அவர்களுக்கு. தனியார் மருத்துவமனைக்கோ தவறு வெளிப்பட்டால் என்ன ஆகும் என்ற கவலை. உலகெங்கும் இவ்வகைப் பரிசோதனை அருகிவருகிறது; இங்கே அது வேரூன்றவே இல்லை. இதற்கு மாற்றாக, உடலைத் திறக்காமல் ஊசியால் உறுப்புகளிலிருந்து சிறு தசைத்துணுக்குகளை எடுத்து ஆராயும் முறை அண்மை ஆண்டுகளில் டெல்லியின் பெரிய மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. குடும்பத்தார் அதற்கு எளிதில் இசைகிறார்கள். தொற்றுகளை அறிய அது நன்கு உதவுகிறது. நுரையீரலின் நுண்குழாய்களில் உள்ள சிறு உறைவுகளும் அதில் தென்படும். காலிலிருந்து ஏறிவந்து தமனியின் அடிமரத்தில் குறுக்காகக் கிடக்கும் பெரிய கட்டியோ ஊசிக்கு அகப்படாமல் போகலாம். அதைக் காண மார்புக்கூட்டைத் திறந்து, தமனியை நெடுகக் கீறி, விர்ச்சோ செய்ததுபோல் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.